ஜெர்மன் ஆறுகள், ஊர்கள்: பெயர்களின் மூலத்தைக் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஜெர்மனியின் மைன்ஸ் நகரம் ரைன் ஆற்றின் இடக்கரையில் இருக்கிறது. அதற்கு நேர் எதிரே, வலக்கரைப் பக்கமிருந்து, மைன் ஆறு வந்து ரைனில் கலக்கிறது. ஆற்றின் பெயரிலிருந்துதான் ஊரின் பெயர் வந்தது என்று பார்த்தவுடனே தோன்றும். ஆனால் இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆற்றை ரோமானியர்கள் மோயனுஸ் என்று எழுதினார்கள். ஊரை மொகொன்டியாகும் என்று எழுதினார்கள். ரோமானியருக்கு முன்பே அங்கே வாழ்ந்த கெல்டிய மக்களின் மொகொன் என்ற தெய்வத்தின் பெயர் அதற்குள் இருப்பதாகவே பொதுவாக விளக்குகிறார்கள். வெவ்வேறு இடத்தில் கிளம்பிய இரண்டு பெயர்கள், இரண்டாயிரம் ஆண்டுகள் பல மக்கள் வாயில் தேய்ந்து, ஏறக்குறைய ஒரே ஒலியில் வந்து நிற்கின்றன.

ஜெர்மன் பெயர்களில் இறங்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதுதான்: ஒரு பெயரின் இன்றைய உருவத்தை மட்டும் வைத்துப் பொருள் சொல்லக் கூடாது. அகராதியைத் திறந்து சொல்லைப் பிரித்துப் பார்ப்பது சுகமான வேலை. பாதி நேரம் அது தவறான இடத்தில் கொண்டுபோய் விடும். பழைய வடிவம், ஊர் இருக்கும் திசை, அந்த மண்ணில் முன்பு பேசப்பட்ட மொழி ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பெயர் தானாகவே திறக்கும். ஜெர்மன் மொழி ஓரளவு தெரிந்திருந்தால் போதும். தெரியாவிட்டாலும் பொறுமை இருந்தால் பெரும்பகுதியைச் செய்துவிடலாம்.

படி 1: மிகப் பழைய எழுத்து வடிவத்தைத் தேடுங்கள்

இதைத் தவிர்த்துவிட்டு மற்றப் படிகளுக்குப் போகவே கூடாது. டார்ம்ஸ்டாட் நகரை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய ஜெர்மனில் ‘டார்ம்’ என்றால் குடல், ‘ஸ்டாட்’ என்றால் நகரம். குடல் நகரமா? 11ஆம் நூற்றாண்டு ஆவணத்தில் அதன் பெயர் டார்முண்டெஸ்டாட். குடல் அங்கே காணாமல் போய்விடுகிறது. அந்த ஊர் வழியாக ஓடும் டார்ம்பாக் ஓடையைக் காட்டி, அதிலிருந்துதான் பெயர் வந்தது என்று சிலர் சொல்வார்கள். அந்த ஓடைக்கே ஊரின் பெயரிலிருந்துதான் பிற்காலத்தில் பெயர் கிடைத்தது.

எஸ்ஸன் நகரமும் இப்படித்தான். ‘எஸ்ஸன்’ என்றால் சாப்பாடு, சாப்பிடுவது. ஆனால் பழைய வடிவம் ஆஸ்ட்னிடெ. கோட்டிங்கனில் ‘கோட்’, அதாவது கடவுள், இருப்பதுபோல் தெரிகிறது. 953ஆம் ஆண்டு ஆவணமோ குடிங்கி என்கிறது. டோர்ட்முண்ட் ‘முண்ட்’ என்று முடிவதால், ஏதோ ஓர் ஆற்றின் வாய் என்று நினைக்கலாம். பழைய எழுத்தில் அது த்ரோட்மன்னி, ஆற்று முகத்துவாரம் எதுவும் அங்கே இல்லை. உண்மையிலேயே முகத்துவாரத்தில் இருக்கும் ஊர்கள் வடக்கே கடலோரத்தில் இருக்கின்றன: டிராவெ ஆறு கடலில் சேரும் டிராவெமுண்டெ, வார்னோவ் ஆறு சேரும் வார்னெமுண்டெ.

சரி, பழைய வடிவத்தை எங்கே தேடுவது? ஜெர்மன் மொழி விக்கிப்பீடியாவில் அந்த ஊரின் கட்டுரைக்குப் போய், வரலாறு என்ற பகுதியில் ‘எர்ஸ்ட்எர்வேனுங்’ என்ற சொல்லைத் தேடுங்கள். முதன்முதலாக எழுத்தில் குறிப்பிடப்பட்டது என்று பொருள். ஹெஸ்ஸன் மாநில ஊர்களுக்கு லாகிஸ் என்ற இணையத் தரவுதளம் இருக்கிறது, பழைய எழுத்து வடிவங்களை ஆண்டு வாரியாகத் தருகிறது. பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்துக்கு லியோ-பிடபிள்யூ இருக்கிறது. சாக்சனிக்கு மின்னணு வரலாற்று ஊர் அட்டவணை ஒன்று இருக்கிறது. ஒரே ஒரு வடிவத்தோடு நிற்காதீர்கள். கிடைக்கிற எல்லாவற்றையும் ஆண்டு வரிசையில் ஒரு தாளில் எழுதுங்கள். எழுத்தர்கள் பெரும்பாலும் துறவிகள், காதில் விழுந்ததை இலத்தீன் எழுத்து முறையில் எழுதியவர்கள். ஒருவர் எழுதியது பிசகாக இருக்கலாம், நான்கு பேர் ஒரே மாதிரி எழுதியிருந்தால் நம்பலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. முதல் குறிப்பு கிடைக்கும் ஆண்டு ஊர் பிறந்த ஆண்டு அல்ல. பிராங்பர்ட் 794இல் முதன்முதலாக எழுத்தில் வருகிறது. எர்ஃபர்ட் 742இல், போனிஃபாஸ் என்ற மதகுரு போப்பாண்டவருக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது. இரண்டுமே அதற்கு முன்பே இருந்த ஊர்கள். இன்னொன்று: தென்மேற்கு ஜெர்மனியில் ஏராளமான ஊர்களின் முதல் குறிப்பு லோர்ஷ் மடத்தின் ஆவணத் தொகுப்பிலிருந்து வருகிறது. யார் எந்த ஊரில் எந்த நிலத்தை மடத்துக்குக் கொடுத்தார் என்ற பதிவுகள் அவை. பதிவுகள் 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, நம் கையில் இருப்பதோ 12ஆம் நூற்றாண்டுப் பிரதி. படி எடுத்தவர் தன் காலத்து உச்சரிப்பை நுழைத்திருக்க இடமுண்டு.

படி 2: ஊருக்கு முன்னால் ஆற்றைப் பாருங்கள்

ஊர்கள் எரியும், இடம் மாறும், ஆட்சியாளர் பெயரால் புதுப்பெயர் பெறும். ஆறு அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். புதிதாக வந்து குடியேறுபவர்கள் ஏற்கெனவே கரையில் இருப்பவர்களிடம் ஆற்றின் பெயரைக் கேட்டு அதையே தாங்களும் சொல்கிறார்கள். அதனால் பொதுவான ஒரு விதி உண்டு: ஆறு பெரிதாக இருந்தால் பெயர் பழையது, ஓடை சிறிதாக இருந்தால் பெயர் புதியது. சிறிய ஓடைகளின் பெயரில் ‘பாக்’ என்ற ஜெர்மன் சொல் வெளிப்படையாகத் தெரியும். பெரிய ஆறுகளின் பெயரை ஜெர்மன் மொழியை மட்டும் வைத்துத் திறக்க முடியாது.

ரைன் கெல்டியர் வாயில் ரேனோஸ். ஓடுவது, பாய்வது என்ற இந்தோ-ஐரோப்பிய அடிச்சொல்லிலிருந்து வந்தது. எல்பே ரோமானியருக்கு ஆல்பிஸ். ஸ்வீடனில் ஆற்றைக் குறிக்கும் பொதுச்சொல்லான ‘எல்வ்’ இதே குடும்பம். செக் மொழியில் இதே ஆறு லாபெ ஆகிறது. ‘அல்’ என்று தொடங்கிய ஒலி ஸ்லாவியர் நாக்கில் ‘லா’ என்று புரண்டுவிட்டது. ஆறு ஒன்றுதான், பெயரும் ஒன்றுதான், எல்லையைத் தாண்டியதும் முகம் மாறிவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது டோனாவ். நாம் டான்யூப் என்று சொல்கிறோமே, அதுதான். இலத்தீனில் டானுவியுஸ். அடியில் இருப்பது ‘தானு’, நீர், ஓட்டம் என்ற பொருள் கொண்ட சொல். ரிக் வேதத்திலும் தானு என்ற சொல் நீர்த்துளி, கசியும் நீர் என்ற பொருளில் வருகிறது. காக்கசஸ் மலைப்பகுதியில் பேசப்படும் ஒசேத்திய மொழியில் இன்றும் ‘தோன்’ என்றால் ஆறு. ரஷ்யாவின் டான், உக்ரைன் வழியாக ஓடும் நீப்பர், நீஸ்டர் எல்லாவற்றிலும் இதே அடி ஒளிந்திருக்கிறது. பழைய ஜெர்மன் பேசியவர்களுக்கு ‘டானுவியுஸ்’ புரியவில்லை. அதன் வாலை ‘ஔவா’, அதாவது ஆற்றோரப் புல்வெளி, என்று தங்களுக்குத் தெரிந்த சொல்லாக மாற்றி டுவோனௌவா ஆக்கிக்கொண்டார்கள். புரியாத பகுதியைப் புரிகிற சொல்லாக மாற்றும் இந்தப் பழக்கத்தை இந்த வழிகாட்டி முழுவதும் பார்ப்பீர்கள்.

மோசல் என்பது மோசெல்லா, ‘சின்ன மோசா’. மோசா என்பது இன்றைய மாஸ் ஆறு. பவேரியாவின் ஈசார், பிரான்சின் இசேர், பெல்ஜியத்தின் இசர், செக் நாட்டின் யிசெரா எல்லாம் ஒரே அடியிலிருந்து வந்தவை, வேகமாகப் பாய்வது என்ற பொருள். இப்படி ஐரோப்பா முழுக்க ஒரே அடிச்சொற்கள் ஆறுகளில் திரும்பத் திரும்ப வருவதை 20ஆம் நூற்றாண்டின் நடுவில் ஹான்ஸ் கிராஹெ என்ற மொழியியலாளர் முறையாக எடுத்துக்காட்டினார். கெல்டியம், ஜெர்மானியம் என்று தனித்தனியாகப் பிரிவதற்கு முந்தைய இந்தோ-ஐரோப்பியப் படிவு இது என்பது அவர் கருத்து, அதை ‘பழைய ஐரோப்பிய’ ஆற்றுப்பெயர்கள் என்றார். பிறகு தேயோ ஃபெனெமன் என்ற ஆய்வாளர், இவை இந்தோ-ஐரோப்பியமே அல்ல, ஸ்பெயின்-பிரான்ஸ் எல்லையில் பேசப்படும் பாஸ்க் மொழிக்கு உறவான ஒரு மொழியில் வைத்த பெயர்கள் என்று வாதிட்டார். பெரும்பாலான ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. எனக்கும் கிராஹெ காட்டிய பாதையே உறுதியாகத் தெரிகிறது.

அடுத்து, ‘அஹா’ என்ற பழைய ஜெர்மன் சொல்லை மனதில் வையுங்கள். நீர் என்று பொருள், இலத்தீன் ‘அக்வா’வின் உடன்பிறப்பு. இது தேய்ந்து தேய்ந்து பெயரின் கடைசியில் வெறும் ‘ஆ’வாகவோ ‘ஆக்’ ஆகவோ நிற்கும். ஃபுல்டா, ஷ்வார்ட்சா, தெற்கே சால்ட்சாக், ஷ்டைனாக் எல்லாம் இப்படித்தான். சால்ட்சாக் உப்பு ஆறு. ஷ்டைனாக் கல் ஆறு.

வெர்ரா ஆறும் இந்தக் கூட்டத்தில் சேரும், அதில் ஒரு அழகான விஷயம் இருக்கிறது. வெர்ராவும் ஃபுல்டாவும் முண்டன் என்ற ஊரில் சேர்ந்து வேசர் ஆறாகின்றன. அங்கே 1899இல் ஒரு கல்லை நட்டு, இரண்டு ஆறுகளும் முத்தமிட்டுத் தங்கள் பெயரை இழக்கின்றன என்று செய்யுள் பொறித்திருக்கிறார்கள். ஃபுல்டாவைப் பொறுத்தவரை அது சரி. வெர்ரா பெயரை இழக்கவே இல்லை. பழைய வடிவங்களைப் பார்த்தால் வெர்ராவும் வேசரும் ஒரே பெயர்தான். ‘விசெர-அஹா’ மேல்பகுதியில் உள்நாட்டு வழக்கில் வெர்ரா என்று சுருங்கியது, கீழே வடக்கத்தியர் வாயில் வேசர் ஆயிற்று. ஆற்றுக்கு இரண்டு பெயர் என்று நினைத்தது மக்கள் மட்டுமே.

ஜெர்மன் படிப்பவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு: ஜெர்மன் ஆறுகள் பெரும்பாலும் பெண்பால். ரைன், மைன், நெக்கார், இன், லெக் போன்ற சில ஆண்பால். இவை எல்லாம் இலத்தீனிலும் ஆண்பாலாக எழுதப்பட்ட பழம்பெயர்கள். டோனாவ் இலத்தீனில் ஆண்பால்தான், ‘ஔவா’ வால் ஒட்டியதால் பெண்பாலாகிவிட்டது.

படி 3: வரைபடத்தில் மூன்று பகுதிகளைக் குறியுங்கள்

ரைனுக்கு மேற்கும் டோனாவுக்குத் தெற்கும் ரோமப் பேரரசின் நிலம். அங்கே கெல்டிய, இலத்தீன் பெயர்களை எதிர்பார்க்கலாம். எல்பே, சாலே ஆறுகளுக்குக் கிழக்கே கி.பி. 800 வாக்கில் ஸ்லாவிய மக்கள் வாழ்ந்தார்கள். அங்கே ஸ்லாவியப் பெயர்கள். நடுவில் இருப்பது பெரும்பாலும் ஜெர்மானியப் பெயர்கள். எல்லைகளில் கலப்பு இருக்கும். தொடங்குவதற்கு இந்த அளவு போதும்.

படி 4: மேற்கிலும் தெற்கிலும் இலத்தீனைத் தேடுங்கள்

கொலோன் நகரம் வெறும் ‘குடியேற்றம்’. கி.பி. 50இல் பேரரசர் கிளாடியுஸின் மனைவி அக்ரிப்பினா, தான் பிறந்த ஊருக்கு ரோமானியக் குடியேற்றம் என்ற தகுதியை வாங்கிக் கொடுத்தார். கொலோனியா கிளாடியா ஆரா அக்ரிப்பினென்சியும் என்பது முழுப்பெயர். அத்தனை நீளத்தில் முதல் சொல் மட்டும் தங்கி, கொல்ன் ஆகத் தேய்ந்தது. கோப்லென்ஸ் என்பது கொன்ஃபுளுயென்டெஸ், ரைனும் மோசலும் கூடும் இடம். ஆக்ஸ்பர்க் பேரரசர் அகஸ்டஸின் பெயரைத் தாங்கிய அகஸ்டா விண்டெலிகோரும். டிரியர், டிரெவெரி என்ற மக்களின் ஊர். பாஸாவ், படாவி என்ற இனப் படைவீரர்களின் முகாம். படாவி மக்கள் இன்றைய நெதர்லாந்துப் பகுதிக்காரர்கள். அவர்களுடைய பெயர் அங்கிருந்து இவ்வளவு தூரம் வந்து டோனாவ் கரையில் நிலைத்துவிட்டது.

ரேகன்ஸ்பர்க் ‘மழைக் கோட்டை’ அல்ல. ‘ரேகன்’ என்றால் ஜெர்மனில் மழைதான், ஆனால் இங்கே அது டோனாவில் வந்து கலக்கும் ரேகன் ஆற்றின் பெயர். ரோமானியர் 179இல் கட்டிய முகாமுக்குக் காஸ்ட்ரா ரெகினா என்று பெயர்.

‘மாகுஸ்’ என்று முடியும் கெல்டியப் பெயர்களைக் கவனியுங்கள். வெளி, சந்தை என்று பொருள். ரெமாகன் என்பது ரிகோமாகுஸ், அரசனின் வெளி. வோர்ம்ஸ் நகரம் போர்பெடோமாகுஸ். அடுத்து ‘ஆகும்’ என்ற ஈறு: ஒருவருக்குச் சொந்தமான நிலம் என்பதைக் காட்டப் பயன்பட்டது. அன்டுன்னாகும் இன்று ஆண்டர்னாக்.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். ஆண்டர்னாக்கில் வரும் ‘ஆக்’ வேறு, ஷ்டைனாக்கில் வரும் ‘ஆக்’ வேறு. முன்னது கெல்டிய-இலத்தீன் ‘ஆகும்’, பின்னது ஜெர்மன் நீர். போதாக்குறைக்கு, ‘அஹி’ என்ற மூன்றாவது ஈறு ஒன்றும் உண்டு. மரங்கள் அடர்ந்த இடத்தைக் குறிக்கும் அதுவும் தேய்ந்து ‘ஆக்’ ஆகிறது. மூன்றையும் பிரித்துக் காட்டுவது பழைய எழுத்து வடிவம் மட்டுமே. இதேபோல பிங்கன் நகரம் ‘இங்கன்’ என்ற ஜெர்மானிய ஈற்றில் முடிவதுபோல் தோன்றும். அது ரோமானியரின் பிங்கியும். அந்த ‘இங்’ கெல்டியப் பெயரின் உடலிலேயே இருந்தது.

சான்டன் மட்டும் இந்தக் கூட்டத்தில் தனி. அங்கே ஒரு பெரிய ரோமானிய நகரம் இருந்தது, ஆனால் அந்தப் பெயர் தங்கவில்லை. இடைக்காலத்தில் தியாகிகளின் கல்லறைகளை வைத்து ‘ஆட் சாங்டோஸ்’, புனிதர்களிடம், என்று சொன்னார்கள். அது சான்டன் ஆயிற்று. இலத்தீன்தான், ரோமானியருடைய இலத்தீன் அல்ல.

படி 5: கிழக்கில் ஸ்லாவிய ஈறுகளைத் தேடுங்கள்

மூன்று ஈறுகள் போதும்: ‘இட்ஸ்’, ‘ஓ’, ‘ஈன்’. ‘ஓ’ என்று முடியும் பெயர்களின் கடைசியில் டபிள்யூ எழுத்து எழுதப்படும், உச்சரிக்கப்படாது. பெர்லினின் பாங்கோ, டிரெப்டோ, தெற்கே டெல்டோ எல்லாம் இப்படி. ‘ஈன்’ என்று முடிந்தால் அழுத்தம் கடைசி அசையில் விழும்: பெர்லீன், ஷ்வெரீன். ஜெர்மன் பெயர்களில் வழக்கமாக முதல் அசையில்தான் அழுத்தம். கடைசி அசையில் விழுந்தாலே ஏதோ ஒரு வெளிமொழி உள்ளே இருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

பெர்லினில் கரடி இல்லை. ‘பெர்ல்’ என்றால் சதுப்பு நிலம். ‘பேர்’ என்றால் ஜெர்மனில் கரடி. ஒலி ஒத்துப்போனதால் 1280ஆம் ஆண்டு முத்திரையிலேயே கரடிகள் வந்துவிட்டன. டிரெஸ்டன் சதுப்புக் காட்டு மக்களின் ஊர். கெம்னிட்ஸ் கல் நிறைந்த ஓடை, ஊருக்கு முன் ஆற்றின் பெயர் அது. 1953இல் கிழக்கு ஜெர்மனி அரசு அதைக் கார்ல் மார்க்ஸ் நகரம் ஆக்கியது. 1990இல் மக்கள் வாக்களித்துப் பழைய பெயரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ரோஸ்டாக் நீர் பிரிந்து விரியும் இடம். கெர்லிட்ஸ் எரிந்த இடம், காட்டை எரித்துத் திருத்திய நிலம் என்ற பொருளில். லைப்சிக்குக் காலங்காலமாகச் சொல்லப்படும் விளக்கம் ‘லிபா’, லிண்டன் மரம். 1015ஆம் ஆண்டுக்குரிய வடிவம் லிப்ட்சி என்று இருப்பதால் ஆய்வாளர்கள் பலர் அந்த மர விளக்கத்தை இப்போது சந்தேகிக்கிறார்கள்.

லுபெக்கை மறந்துவிடாதீர்கள். வடக்கே ‘பெக்’ என்றால் ஓடை. ஆனால் லுபெக்கில் ஓடை இல்லை. லியுபிட்செ என்ற ஸ்லாவியப் பெயர் அது, அன்பு, இனிமை என்ற பொருள் கொண்ட அடியிலிருந்து வந்தது. ஜெர்மன் காது அதன் முடிவை ஓடையாகக் கேட்டுவிட்டது. மறுபக்கம், ‘இட்ஸ்’ என்று முடிந்தாலே ஸ்லாவியம் என்று எண்ணவும் வேண்டாம். பவேரியாவின் ரெக்னிட்ஸ் ஆறு பழைய ஆவணங்களில் ராடான்டியா. வால் ஸ்லாவியர் வாய் வழியாக வந்திருக்கிறது, தலை அதைவிடப் பழையது.

லவுசிட்ஸ் பகுதியில் சோர்பியம் என்ற ஸ்லாவிய மொழி இன்றும் பேசப்படுகிறது. பவுட்சன், கோட்புஸ் ஊர்களில் சாலைப் பலகைகள் இரு மொழியிலும் இருக்கின்றன. பழைய வடிவத்தை ஆவணத்தில் தேடாமல் தெருவிலேயே படிக்கக் கிடைக்கும் இடம் அது.

படி 6: ஜெர்மானிய ஈறுகளைக் கால வரிசையில் அடுக்குங்கள்

‘இங்கன்’ மிகப் பழைய அடுக்கு. பவேரியாவில் அது ‘இங்’ ஆகச் சுருங்கும்: எர்டிங், ஃப்ரைசிங், ஷ்ட்ரவுபிங். இன்னாருடைய ஆட்கள் என்று பொருள். சிக்மாரின் ஆட்கள் இருந்த இடம் சிக்மாரிங்கன். ‘ஹைம்’ ஏறக்குறைய அதே காலத்தது, வீடு, இருப்பிடம். 766இல் லோர்ஷ் பதிவில் வரும் மான்ஹைம், மன்னோ என்பவரின் இருப்பிடம். நெக்கார் பக்கமும் மைன்ஸ் சுற்றிலும் வளமான வயல்களில் ‘ஹைம்’ ஊர்கள் நெருக்கமாக இருக்கும். முதலில் வந்தவர்கள் நல்ல மண்ணை எடுத்துக்கொண்டார்கள். இந்த ‘ஹைம்’ எல்லா இடத்திலும் முழுசாக நிற்காது. ரூர் பகுதியில் ‘போகும்’ என்ற நகரின் பெயரில் வரும் ‘உம்’ கூட ‘ஹைம்’தான்.

துரிங்கியாவிலும் அதற்கு வடக்கிலும் ‘லேபன்’ என்று முடியும் ஊர்கள் கூட்டமாக இருக்கின்றன: மார்ட்டின் லூதர் பிறந்த ஐஸ்லேபன், ஆஷெர்ஸ்லேபன். ‘லேபன்’ என்றால் வாழ்க்கை என்று அகராதி சொல்லும். இங்கே அது விட்டுச்சென்ற சொத்து, பரம்பரை நிலம். டென்மார்க்கில் ‘லெவ்’ என்று முடியும் ஊர்களும் இதே ஈறுதான்.

‘ஹௌசன்’, ‘ஹோஃபன்’, ‘டோர்ஃப்’ பின்னால் வந்தவை. அவற்றுக்கும் பின்னால், சுமார் 1000க்கும் 1300க்கும் இடையில், மக்கள்தொகை பெருகிக் காடுகளை வெட்டித் திருத்தியபோது வந்த ஈறுகள் தனி அடுக்கு. காடு திருத்திய இடம் என்ற ஒரே பொருளில் வட்டாரத்துக்கு வட்டாரம் ஒலி மாறும்: ஹார்ட்ஸ் மலைப்பக்கம் ‘ரோடெ’, ரைன்லாந்தில் ‘ராத்’, பவேரியாவில் ‘ரொய்த்’. வெர்னிகெரோடெ, ஓவெராத், பைரொய்த். பைரொய்த் 1194இல் பையெர்ருடெ, பவேரியர்கள் திருத்திய காடு. ஈற்றைப் பார்த்தே, ஒரு மலையடிவாரத்தில் காடு எப்போது வயலானது என்று சொல்லிவிடலாம். சின்ன வட்டாரத்தின் வரைபடத்தில் இந்த ஈறுகளுக்கு வெவ்வேறு நிறம் பூசிப் பாருங்கள். பள்ளத்தாக்கில் ‘ஹைம்’, சரிவில் ‘ஹௌசன்’, உச்சியில் ‘ரோடெ’ என்று குடியேற்றம் ஏறிப்போன வழி தெரியும். விதிவிலக்குகள் நிறைய உண்டு, இருந்தாலும் மொத்தமாகப் பார்க்கும்போது படம் தெளிவாக வரும்.

படி 7: வடக்கா தெற்கா என்று காதால் கேளுங்கள்

கி.பி. 6ஆம் நூற்றாண்டிலிருந்து தெற்கு ஜெர்மனியில் ப, ட, க ஒலிகள் மாறின. ‘ப’ ‘ப்ஃப’ ஆனது, ‘ட’ ‘ட்ஸ’ ஆனது, ‘க’ ‘ஹ’ பக்கம் போனது. வடக்கு மாறவில்லை. ‘செய்’ என்பதற்கு வடக்கே மாகென், தெற்கே மாஹென். இந்த எல்லைக்கோடு ரைனைக் கடக்கும் இடம் டுஸல்டோர்ஃபின் பென்ராத், அதனால் பென்ராத் கோடு என்று பெயர்.

இந்த மாற்றம் ஊர்ப்பெயர்களில் ஒரு கடிகாரமாக வேலை செய்கிறது. இலத்தீன் ‘போர்டுஸ்’, துறை, இன்று ப்ஃபோர்ட்ஸ்ஹைம். ப மாறியிருக்கிறது, ட மாறியிருக்கிறது. ஆகவே ஒலி மாற்றம் நடப்பதற்கு முன்பே அந்தச் சொல் ஜெர்மானியர் வாயில் இருந்தது. ‘டபெர்னே’, வழிச்சத்திரம், ட்ஸாபெர்ன் ஆனதும் அப்படியே.

ஊர்களில் இந்த வேறுபாடு இப்படித் தெரியும்: ஆற்றைக் கடக்கும் ஆழமற்ற துறை தெற்கே ‘ஃபுர்ட்’, வடக்கே ‘ஃபோர்ட்’. பிராங்பர்ட், ஷ்வைன்ஃபுர்ட் ஒரு பக்கம், ஹெர்ஃபோர்ட் மறுபக்கம். ஓடை தெற்கே ‘பாக்’, வடக்கே ‘பெக்’. ஊற்று தெற்கே ‘பிருன்’, வடக்கே எழுத்து இடம் மாறி ‘போர்ன்’. ஹைல்பிரோன் புனித ஊற்று. பாடர்போர்ன், பாடர் ஆற்றின் ஊற்று. அந்த ஊர் நடுவில் இருநூறுக்கும் மேற்பட்ட ஊற்றுகள் பொங்கி, பாடர் ஆறாகி, நான்கு கிலோமீட்டர் ஓடி லிப்பெ ஆற்றில் சேர்ந்துவிடுகின்றன.

‘டோர்ஃப்’ வடக்கே ‘டோர்ப்’. வெஸ்ட்ஃபாலியாவில் அதுவும் புரண்டு ‘ட்ரொப்’ ஆகிறது. போட்ரொப், காஸ்ட்ரொப். ஜெர்மனியில் வாழும் ஈழத் தமிழர்களுக்கு நன்கு தெரிந்த ஒரு பெயர் இங்கே வருகிறது. 2002இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயில் இருக்கும் ஹம் ஊன்ட்ரொப். ஊன்ட்ரொப்பில் இருப்பது இதே ‘டோர்ப்’, கிராமம். ‘ஹம்’ என்பது ஆறுகள் மடங்கும் இடத்தில் உள்ள நில மூலை. ஆசெ ஆறு லிப்பெயில் சேரும் கோணத்தில் 1226இல் நிறுவப்பட்ட நகரம் அது.

இன்னொரு காதுப் பயிற்சி. ‘அன்’ என்று முடியும் பெயர்களைக் கண்டால், முன்னால் ‘இன்னாரிடம்’, ‘இன்ன இடத்தில்’ என்ற வேற்றுமையைச் சேர்த்துப் படியுங்கள். எந்த ஊர் என்று கேட்டால் ‘துறவிகளிடம்’ என்று பதில் சொன்னார்கள், அது அப்படியே முனிஹென், 1158 ஆவணம், இன்றைய மியூனிக். பிரேமன் ‘கரை ஓரங்களில்’. வெர்ராவும் ஃபுல்டாவும் சேரும் முண்டன் ‘வாய்களில்’. அதாவது கோப்லென்ஸ் இலத்தீனில் சொல்வதையே முண்டன் ஜெர்மனில் சொல்கிறது.

படி 8: சின்னங்களையும் புதுப்பெயர்களையும் தனியே வையுங்கள்

ஊர்ச் சின்னத்தில் இருக்கும் விலங்கு சாட்சியம் ஆகாது. பெர்லின் கரடி பொய். ஷ்டுட்கார்ட் குதிரை உண்மை: ‘ஷ்டுவோட்கார்டன்’, பெண் குதிரைகளை வளர்க்கும் வேலி. இரண்டையும் பிரித்தது ஆவணம், ஓவியம் அல்ல.

புதுப்பெயர்களுக்குக் கஷ்டப்பட வேண்டாம், ஆண்டு தெரிந்தால் போதும். கார்ல்ஸ்ரூஹெ, 1715இல் சிற்றரசர் கார்ல் வில்ஹெல்ம் கட்டிய ‘கார்லின் ஓய்வு’. லெவர்குசன் ‘ஹௌசன்’போல ஒலித்தாலும் அப்படியில்லை, லெவர்குஸ் என்ற சாயத் தொழிலதிபரின் குடும்பப் பெயர், நகரப் பெயரானது 1930இல். அதே ஆண்டு பார்மன், எல்பர்ஃபெல்ட் முதலிய ஊர்கள் சேர்ந்த நகரம் வுப்பர்டால் ஆயிற்று, வுப்பர் ஆற்றின் பள்ளத்தாக்கு. வோல்ஃப்ஸ்பர்க் 1938இல் கார் தொழிற்சாலைக்காக வேறு பெயரில் உருவான நகரம். 1945இல் பக்கத்துக் கோட்டையின் பெயரை எடுத்துக்கொண்டது.

பயிற்சி: கொலோனிலிருந்து மைன்ஸ் வரை

கொலோனில் ரயில் ஏறி, ரைனின் இடக்கரை வழியாகத் தெற்கே போங்கள். நிலையப் பலகைகளை மட்டும் படியுங்கள். கொலோன், குடியேற்றம். பான், ரோமானியரின் போன்னா. ரெமாகன், அரசனின் வெளி. ஆண்டர்னாக், ‘ஆகும்’. கோப்லென்ஸ், ஆறுகள் கூடும் இடம். பொப்பார்ட், பழைய போடோபிரிகா, கெல்டியம். ஓபர்வேசலைப் பார்த்து வேசர் ஆற்றை நினைக்க வேண்டாம், அது ரோமானியரின் வோசாவியா. பிங்கன், ‘இங்கன்’ அல்லாத பிங்கியும். வழியில், ஆண்டர்னாக்குக்கும் கோப்லென்ஸுக்கும் நடுவில், ஆற்றின் அந்தக் கரையில் நொய்வீட் இருக்கிறது, அது 1653இல் பிறந்த ஊர், பெயரிலேயே ‘நொய்’, புதிது, இருக்கிறது. அதே கரையில், பிங்கனுக்கு எதிரே ருடெஸ்ஹைம். இடக்கரையில் இத்தனை நேரம் ஒரு ‘ஹைம்’ நிலையம்கூட முக்கியமாக வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பிங்கனைத் தாண்டி மலைகள் விலகி வயல் விரிந்ததும் இங்கல்ஹைம் வருகிறது. பேரரசர் சார்லமேன் அரண்மனை கட்டிய ஊர். அதிலிருந்து ஹைடெஸ்ஹைம், பூடென்ஹைம் என்று ‘ஹைம்’கள் வரிசையாகத் தொடங்கும். ஃபிராங்கியர்கள் என்ற ஜெர்மானிய மக்கள் எந்த மண்ணைத் தேர்ந்தெடுத்துக் குடியமர்ந்தார்கள் என்பதை ஜன்னல் வழியாகவே பார்க்கலாம். அதற்கு அடுத்து மைன்ஸ்.